மணி அடிக்காத வசனம்

பழைய படங்களில் வந்த வசனத்தைக் கேட்டால் மணியடிக்கும் கருவி அது. பட நிறுவனத்தில் கதைகளைச் சரிபார்க்கும் பாமாவுக்கு அதுதான் துணை. கேசினோ கதை என்றால் வரிக்கு வரி அடிக்கும். எல்லா நாயகனும் கடைசிச் சீட்டை மெல்லத்தான் திருப்புவான்.

விடிந்தபின் கேசினோவிலிருந்து வந்த கணவன் தேவராஜன் முன் அதை வைத்தாள்.

“கடைசிச் சீட்டு காலை வாரிடுச்சு.”

மணியடித்தது.

“இன்னும் ஒரே ஆட்டம். விட்டதைப் புடிச்சுடுவேன்.”

அடித்தது.

“உனக்காகத்தானே ஆடுறேன்!”

விடாமல் அடித்தது.

“இதெல்லாம் ஹீரோக்கள் சொல்லியாச்சு. நீங்க சொல்லுங்க” என்றாள் பாமா.

தேவராஜன் தலைகுனிந்தான். “ஜெயிச்ச அன்னிக்குக்கூட உனக்கு ஒரு முழம் பூ வாங்கணும்னு தோணல, பாமா.”

மணி அடிக்கவில்லை.

பாமா கருவியை அணைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். “ம், மேல சொல்லுங்க.”