வெங்காய ராஜா சாகக் கூடாது

"அப்பா, இடது பக்கம் வெட்டுங்க," என்றாள் மகள், ஹெட்போனில்.

அப்பா வலது பக்கம் வெட்டினார். அந்த வீடியோ கேமின் கடைசி வில்லனான வெங்காய ராஜா, தன் தோலில் ஒன்றை உரித்து வீசினான். அப்பா, மகள் இருவரின் வீரர்களும் கண்ணீர் வழியச் செத்து விழுந்தார்கள்.

"சரிம்மா, அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்."

அப்பா ஹெட்போனைக் கழற்றியதும் அறை நண்பர் கேட்டார், "வேணும்னேதானே தோக்கறீங்க?"

"இவன் செத்தா ஆட்டம் முடிஞ்சிடும். நாங்க பிரிஞ்சதுல பொண்ணு அவங்க அம்மாகூடப் போயிட்டா. அப்புறம் என்ன சாக்கு சொல்லி அவகிட்ட பேசறது?"

அடுத்த ஞாயிறு அவருடைய வாள், தவறிப்போய்ச் சரியான இடத்தில் இறங்கியது. ராஜாவுக்கு ஒரே ஒரு தோல்தான் மிச்சம். அப்பா பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஆனால் ராஜா புதுத் தோல்களோடு எழுந்து நின்றான். மகள் தன்னிடமிருந்த உயிர்காக்கும் மருந்தை அவன்மேல் ஊற்றியிருந்தாள்.

"அவனை ஏம்மா காப்பாத்தினே?"

"நீங்க ஏம்பா இன்னிக்குச் சரியா வெட்டினீங்க?" என்றாள் மகள்.