பக்கத்துக் குழாய்

புயலில் கரையொதுங்கிய ஓர் உடலின் பல்லிலிருந்து எடுத்த மரபணு ஒரு சிறு குழாயில் இருந்தது. பக்கத்துக் குழாயில், கடலுக்குப் போன மகனைத் தேடும் சூசையம்மாளின் மரபணு. ஆய்வகப் பெண் இரண்டிலும் மரபணுவைப் பெருக்கும் கலவையைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"நீ யார் பிள்ளைப்பா?" என்றது தாயின் குழாய்.

"தெரியலையே. இயந்திரத்துக்குள்ள போய்ப் பெருகினாத்தான் தெரியுமாம்."

"நீ வேற யாரோவா இருந்துடு ராசா. என் மகன் எங்கேயாவது கரையேறியிருப்பான்."

"அப்போ என்னைத் தேடி யாருமே வரலையா?"

பெண் இரண்டு குழாய்களையும் எடுத்து இயந்திரத்துக்குள் வைத்தாள்.

இயந்திரம் இரண்டையும் சூடாக்கியது, ஆற்றியது, பெருக்கியது. முடிவைப் பார்த்த பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போயிருந்தன.

"அம்மா..." என்றது பல்லின் குழாய்.

"உன்னையா ராசா யாரோவா இருக்கச் சொன்னேன்?" என்று அழுதது தாயின் குழாய்.