மெரேட்டே வீட்டு நாய்கள்

மெரேட்டே வீட்டு ஜன்னலில் பீங்கான் நாய்கள் இரண்டும் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

யூட்டே சைக்கிளை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். சந்தேகமே இல்லை. ஒரு வாரமாகவே வாலும் பின்பக்கமும்தான் தெரிந்தன.

ஃபானோ தீவில் ஜன்னல் நாய்களின் பாஷை சின்னக் குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்காரர் கடலில் இருந்தால் நாய்கள் தெருவைப் பார்த்துக் காத்திருக்கும். வீடு திரும்பிவிட்டால் உள்பக்கம் திரும்பி உட்காரும். ஆனால் மெரேட்டேயின் கணவன் ஓவே கப்பலோடு சிங்கப்பூர் பக்கம் எங்கோ இருந்தான்.

"அப்போ உள்ளே இருக்கறது யாரு?"

இதை யூட்டே முதலில் தன்னையே கேட்டுக்கொண்டாள். அடுத்து ரொட்டிக்கடை குட்ரூனிடம் கேட்டாள். குட்ரூன் காதில் போட்டால் போதும், படகுத்துறை வரைக்கும் அது தானாகப் போய்ச் சேரும்.

பட்டறைக்கு வந்து விபெகேயிடமும் சொன்னாள். வீட்டு அலங்காரப் பொருள்கள் செய்யும் அந்தப் பட்டறையை இருவரும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள். சுவரில் மாட்டும் தட்டும் விளக்கும் விபெகேயின் கைவண்ணம். யூட்டேக்கு இந்த வசந்தத்தில் நாய் ஆசை வந்துவிட்டது. அவள் வரைந்து, வனைந்து, வர்ணம் பூசிய முதல் ஜோடியை, சூளைச் சூடு ஆறுவதற்குள் மெரேட்டே துணியில் சுற்றி வாங்கிப் போய்விட்டாள். சுட்டு எடுத்தபின் அவற்றின் முகத்தை யூட்டே சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"நான் செஞ்ச நாய்டி! அதை வச்சுக்கிட்டு இப்படியா?"

"துடைக்கும்போது திருப்பி வச்சிருப்பா," என்றாள் விபெகே, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஒரு வாரமாவா துடைக்கிறா?"

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

இருந்தது. ஆனாலும் மறுநாள் மதியமே, பட்டை மணக்கும் பன் பொட்டலத்தோடு யூட்டே மெரேட்டே வீட்டு வாசலில் நின்றாள். மணி அடிப்பதற்கு முன்னால் கதவில் காதை வைத்தாள்.

உள்ளே ஆண் குரல்!

"மெதுவா... மூச்சை இழுங்க... அப்படித்தான்... இப்போ காலைத் தூக்குங்க..."

யூட்டே பன் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மணியை விடாமல் அடித்தாள்.

கதவைத் திறந்த மெரேட்டேக்கு முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கியது. பின்னால் வானொலி, "இடது காலை இறக்குங்க" என்றது.

"உடற்பயிற்சி," என்றாள் மெரேட்டே. "வா, வா, காபி போடறேன்."

அவள் அடுப்படிக்குப் போனதும் யூட்டே வேலையில் இறங்கினாள். திரைச்சீலைக்குப் பின்னால் யாரும் இல்லை. கைக்குட்டை விழுந்த சாக்கில் சோபாவுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். பூனை இருந்தது. அதுவும் பெட்டை.

ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து கண்ணைக் கூச, நாய்கள் இரண்டும் கறுப்பு உருண்டைகளாகத்தான் தெரிந்தன.

காபி வந்ததும் நேராகவே கேட்டுவிட்டாள். "நாய்ங்க ஏன்டி உள்ளே பார்க்குது?"

மெரேட்டேயின் கோப்பை பாதி வழியில் நின்றது. "சும்மாதான்."

"சும்மாவா? ஊரே பேசுது!"

"யாரு ஆரம்பிச்சாங்களாம்?"

யூட்டே அவசரமாகப் பன்னைக் கடித்தாள். "அது... எல்லாரும்தான்."

"பேசிட்டுப் போகட்டும். அதுங்க மூஞ்சியப் பார்த்தா எனக்குச் சிரிப்பு... சந்தோஷமா இருக்கு. அவர் இல்லாத வீட்டுல ஒரு துணை."

"ஓவே காதுக்குப் போச்சுன்னா?"

மெரேட்டே தலையைக் குனிந்துகொண்டாள். "போயிடுச்சு. நேத்து போன்ல கேட்டார். நேர்ல வாங்க, காட்டறேன்னு சொன்னேன். படக்குன்னு வச்சுட்டார்."

"அப்படியும் திருப்பி வைக்கலையா நீ?"

மெரேட்டே ஓரக்கண்ணால் நாய்களைப் பார்த்தாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? யூட்டே எழுந்தாள்.

"உன் மானம் உனக்குப் பெருசில்லாம இருக்கலாம். என் நாய்க்குன்னு ஒரு மரியாதை இருக்கு!"

"வேண்டாம் யூட்டே! சொன்னாக் கேளு!"

மெரேட்டே பாய்ந்து கையைப் பிடித்தாள். யூட்டே உதறிவிட்டு, நாய்களைக் கழுத்தைப் பிடித்துத் தெருப்பக்கம் திருப்பி வைத்தாள். தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் குட்ரூன் சைக்கிளைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலை நோக்கிக் கையை நீட்டினாள். பேச்சு வரவில்லை.

யூட்டே திரும்பிப் பார்த்தாள்.

நல்ல வெயிலில் முதல் தடவையாகத் தன் நாய்களின் முகத்தைப் பார்த்தாள். ஒரு நாயின் வலது கண் படகுத்துறையையும் இடது கண் தேவாலயக் கோபுரத்தையும் பார்த்தது. இன்னொன்று இரண்டு கண்ணாலும் தன் மூக்கையே முறைத்துக்கொண்டிருந்தது. சூளைச் சூட்டில் வர்ணம் ஓடியிருக்கிறது!

கோடைக்குச் சுற்றுலாக் கூட்டம் வரப்போகிற நேரம். செய்தது யாரென்று குட்ரூனுக்கு இப்போது தெரிந்தால், சாயங்காலத்துக்குள் தீவு முழுக்கத் தெரியும். அப்புறம் அந்தப் பட்டறைப் பக்கம் யார் தலைவைத்துப் படுப்பார்கள்?

"யாருடி செஞ்சது இந்தக் கண்றாவிய?" என்றாள் குட்ரூன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

யூட்டே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

ஜன்னல் திறந்தது. இரண்டு நாய்களுக்கும் நடுவே மெரேட்டேயின் தலை எட்டிப் பார்த்தது.

"நான்தான் குட்ரூன்! பொழுது போகாம நானே செஞ்சேன். யாரும் பார்த்துச் சிரிச்சிடக் கூடாதேன்னுதான் ஒரு வாரமா உள்ளே திருப்பி வச்சிருந்தேன்," என்றாள், யூட்டேயின் பக்கம் திரும்பாமலே.