கோல் வாங்க வந்தவன்

“ஒரே ஒரு கோல் உள்ள விடு தம்பி. என் பொண்ணு கினந்தி உனக்குத்தான்.”

நீலச் சுறா அணியின் முதலாளி தர்சோனோ, கிராம்பு சிகரெட்டை அணைத்தபடி சொன்னார். மறுநாள் இந்தோனேசிய லீக்கின் கடைசி ஆட்டம். அவர் அணி ஜெயித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அடுத்த சீசன் இரண்டாம் பிரிவில்தான்.

எதிரணியான கருங்காளையின் கோல்கீப்பர் தமாருக்கு வியர்த்தது. அவன் அணிக்கு இந்த ஆட்டத்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் மாட்டினால் ஆயுளுக்கும் தடை. ஜெயில்கூட உண்டு.

இருந்தாலும், கினந்தி! பக்சோ சூப் கடையில் தன் கிண்ணத்தில் அவள் மிளகாய் விழுது கலக்கும் அழகை, எதிர்க் கடையில் உட்கார்ந்து எத்தனை நாள் பார்த்திருப்பான்!

“அவங்க சம்மதிப்பாங்களா ஐயா?”

“நான் சொன்னா மறுபேச்சு கிடையாது. நேத்தே அவகிட்ட சொல்லிட்டேன்.”

மறுநாள் மைதானம் முரசுச் சத்தத்தில் அதிர்ந்தது. முதலாளி பக்கத்தில் கினந்தி. தமார் இருந்த திசையைப் பார்த்துச் சிரித்தாள். அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

சுறாக்களின் நட்சத்திரம் யுதா பந்தோடு பாய்ந்து வந்தான். இந்த சீசனில் அதிக கோல் அடித்தவன். தமார் முன்னால் ஓடிவந்து வேண்டுமென்றே வழுக்கி விழுந்தான். வலை ஆவென்று வாயைப் பிளந்து நின்றது. யுதா உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

அடுத்த முறை பந்தைக் கைநழுவ விட்டு, யுதாவின் காலடியிலேயே போட்டான். அது விளம்பரப் பலகையில் போய் மோதியது.

‘பாவம், பதற்றத்துல இருக்கான்’ என்று தமாருக்கே இரக்கம் வந்துவிட்டது.

ஆட்டம் முடியப் போகிறது. வேறு வழியில்லை. பந்தோடு வந்த யுதாவின் காலை வாரிவிட்டான். விசில்! பெனால்டி!

“நிதானமா அடிடா!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, அவன் உதைக்கும் முன்பே இடது பக்கம் சாய்ந்தான்.

பந்து கூரையைத் தாண்டிப் பறந்து, வெளியே குச்சியில் இறைச்சி கோத்துச் சாத்தே சுடுகிறவனின் அடுப்பருகே விழுந்தது.

ஆட்டம் டிரா. சுறாக்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். கருங்காளைகள் தமாரைத் தோளில் தூக்கி ஆடினார்கள். ஆட்ட நாயகனும் அவன்தான். அவன் கண்ணீரை ஆனந்தக் கண்ணீர் என்றது டிவி.

உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் யுதா நின்றிருந்தான்.

“ஏன்டா, காலி வலையிலகூட அடிக்க வராதா உனக்கு? உன் டீமே போச்சேடா!”

யுதா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

“மன்னிச்சுக்குங்கண்ணே. ஒரு கோல் விழுந்திருந்தா, என் கினந்தியை உங்களுக்குல்ல கட்டி வெச்சிருப்பாரு அவங்கப்பா!”