டுரியானின் கண்பார்வை

“ஒரு பழத்துக்குக் கண் தெரியும் என்று நம்பி ஒரு மனிதனை இருபது வருடம் சிறையில் தள்ளப் பார்ப்பது, மனித வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவை” என்று வக்கீல் ஷாரில் நீதிமன்றத்தில் முழங்கினார்.

மலேசியாவின் ரவூப் ஊரைச் சேர்ந்த தோட்டக்காரர் சமாட் மீது கொலை முயற்சி வழக்கு. அவர் மரத்தின் மேல் இருந்தபோது, கீழே நின்ற அவருடைய மச்சான் தலையில் முள் நிறைந்த கனத்த டுரியான் பழம் விழுந்து மண்டை பிளந்துவிட்டது.

“பழம் தானா விழுந்திருக்கலாமே?” என்று ஷாரில் இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

“விழாது துவான். டுரியானுக்குக் கண் இருக்கு. கீழ ஆள் நின்னா பார்த்து விலகித்தான் விழும். இது இவரு போட்டதுதான்.”

“மூக்குக்கண்ணாடி போட்ட டுரியான் ஏதாச்சும் பார்த்திருக்கீங்களா?”

கோர்ட்டே சிரித்தது. சமாட் விடுதலையானார்.

அன்று சாயங்காலம் சமாட் வீட்டில் ஷாரிலுக்கு விருந்து. அவர் கார் தோட்டத்தின் மறுகோடியில் நின்றதால், வழியனுப்ப எல்லோரும் எழுந்தார்கள். எழுந்ததும் மச்சான் உட்பட அத்தனை பேரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்கள்.

“என்ன பாக் சமாட், இது என்ன வேஷம்?” என்று கேட்டார் ஷாரில்.

“பாட்டன் காலத்துலேர்ந்து வெறுந்தலையோடதான் திரிஞ்சோம், துவான். நீங்க கோர்ட்ல பழத்துக்குக் கண்ணில்லைன்னு நிரூபிச்சதும் பயம் வந்துருச்சு.”

“எனக்கு ஒண்ணு?”

“சொன்னவரே நீங்கதானே. கையோட கொண்டு வருவீங்கன்னு நெனச்சோம்.”

தோட்டம் இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கோ தொப்பென்று ஒரு பழம் விழுந்தது. ஷாரில் அவர்களை முன்னால் போகவிட்டார். பிறகு, மரங்களை அண்ணாந்து பார்த்தபடி, கைபேசி விளக்கைத் தன் முகத்தில் அடித்துக்கொண்டு நடந்தார்.