மைக்குக்குள் இருந்தவன்

எழுபதுகளின் ராக் ஆல்பம் மாதிரியே இருக்க வேண்டுமென்று இசைக்குழுவினர் நால்வரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிவுசெய்திருந்தார்கள். மறுவாரமே கிட்டாரிஸ்ட் ஜெரால்டைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளிய பாடகன் டெரன்ஸ், அவன் வாசித்ததை மொத்தமாக எடுத்துவிடச் சொன்னான். ஒலிப்பதிவாளர் முபாரக் எடுத்தார். ஆனாலும் கிட்டார் கேட்டது.

“உங்க மைக்குக்குள்ளயும் பூந்திருக்கு தம்பி. அவரை எடுத்தா உங்க குரலும் போயிடும்.”

“அந்த நாயோட சத்தம் என் பாட்டுல இருக்கக் கூடாது பாய். நான் திரும்பப் பாடுறேன்.”

கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றான். கிட்டார் இல்லாமல் டிரம்ஸ் தொடங்கியது. வாயைத் திறந்தான், பாட்டை எடுக்கும் இடம் பிடிபடவில்லை. திரும்பத் திரும்பத் தவறவிட்டான். முபாரக் நிறுத்தினார்.

டெரன்ஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

“அந்த நாயைக் கொஞ்சமா என் காதுல விடுங்க பாய்.”