மைனாக்களுக்குத் தெரிந்த குரல்

பொன்னாத்தாள் ஊத்துக்குளியிலிருந்து பஸ் ஏறி வந்து, திருப்பூரில் மகள் குடியிருக்கும் வாடகை வீட்டு வாசலில் தயங்கி நின்று கூப்பிட்டாள்.

"அனு, வா கண்ணு."

கொய்யா மரத்திலிருந்து நாலைந்து மைனாக்கள் இறங்கி வந்தன. ஒன்று அவள் கையிலேயே உட்கார்ந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வீட்டுப் படியை அவள் மிதிப்பதே இதுதான் முதல் தடவை.

பனியன் கம்பெனிக்குக் கிளம்பிய மருமகன் முகிலனும் திகைத்து நின்றான்.

"எங்கிட்டயே வராதுங்க அத்தை. உங்ககிட்ட எப்படிங்க?"

பின்னால் வந்த அனுப்பிரியாவுக்குக் கண் கலங்கியது.

"இதுகளை அப்படித்தானுங்கம்மா கூப்பிட்டுப் பழக்கினேன். என் குரலும் உங்க குரல்தானுங்களே. சொல்லாமக் கல்யாணம் பண்ணிட்டு வந்த இந்த நாலு வருசத்துல, என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லீங்க."

மைனா உட்கார்ந்திருந்த கையை அசைக்காமல், மறு கையை மகளிடம் நீட்டினாள் பொன்னாத்தாள்.